ஐந்நூற்றுப் பதினேழு

ஒரு ஆவாரஞ்செடியை
ஐந்தாகப் பிரித்திருக்கிறேன்.
வேர், பட்டை, இலை, பூ, விதை.
நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்து,
மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து,
வடிகட்டி, ஆவியாக்கி,
கடைசியில் குப்பிகளின் அடியில்
வண்டி மசகுபோல் ஒட்டியிருக்கிறது
காங்கேயத்துக்குத் தெற்கே
எங்கள் கொறங்காட்டின் ஒரு கைப்பிடி.

ஈரோடு, கல்லூரியின் இரண்டாம் மாடி.
இங்கே ஏசி கருவிக்குத்தான்.
நாங்கள் அதன் புண்ணியத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

சோதனை எளிது.
ஊதாத் திரவம் ஒன்று.
அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும்
சோடி சேராத ஓர் எலக்ட்ரான்.
வட்டிக்காரன் வருகிற நாளில்
வீதியில் யாரைக் கண்டாலும் கை நீட்டுகிறவன் மாதிரி
அது அலைகிறது.
சாறு அதற்குக் கைமாத்துக் கொடுக்க வேண்டும்.
கொடுத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும்.
அரை மணி நேரம், இருட்டில்.
பிறகு ஐந்நூற்றுப் பதினேழு நானோமீட்டர் வெளிச்சத்தில்
கருவி விசாரிக்கும்:
எவ்வளவு கொடுத்தாய்?

அலமாரிக்குள் குழாய்களை வைத்துப் பூட்டிய நேரம்
அண்ணன் கூப்பிட்டான்.
"திங்கக்கெழம பத்து மணிக்கு ரெஜிஸ்டர் ஆபீசு.
ஒரு கையெழுத்துதான் கண்ணு.
ஆதாரை மறந்துறாத."

பத்திரத்தின் நகலை
முந்தாநாளே அனுப்பியிருந்தான்.
வசுந்தரா ஆகிய நான்
என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில்.
இனிமேல் எனக்கும் என் வாரிசுகளுக்கும்
யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும்.
இல்லை என்ற சொல்
அடுத்த பக்கத்தில் இருந்தது.

அரை மணி நேரம் என்பது
நகம் கடிக்கப் போதுமானது.

திறந்தேன்.
பட்டைதான் முதலில் மஞ்சளாகியிருந்தது.
ஆச்சரியமில்லை.
இந்த ஊர்த் தோல் கிடங்குகளுக்கு
வண்டி வண்டியாய் வந்து இறங்கிய பட்டை.
மாட்டுத்தோலையே மக்கவிடாத துவர்ப்பு,
ஓர் எலக்ட்ரானுக்கா கணக்குப் பார்க்கும்?
பூ அதற்கு அடுத்து.
பொங்கல் காப்புக்கு வேப்பிலையோடும் பூளையோடும்
கூரையில் செருகுவோமே, அந்த மஞ்சளேதான்
குழாயிலும் நின்றது.
இலை பரவாயில்லை.
வேர் மூன்று முறை மூன்று பதில் சொன்னது.
என் கைப்பிழையாக இருக்கலாம்.

விதை
ஊதாவாகவே இருந்தது.

அளவைக் கூட்டினேன். ஊதா.
இரண்டு பங்காக்கினேன்.
கொஞ்சம் மங்கியது,
கடன் கேட்டவனுக்குக்
காப்பித்தண்ணி கொடுத்து அனுப்புகிற மாதிரி.

பூங்கோதை மேடம் எட்டிப் பார்த்தார்.
"விதையா? செயல்பாடு குறைவுன்னு போட்ரும்மா.
பட்டையைப் பெருசாப் பேசு."

போட்டேன்.
போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல்
அந்த ஊதாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரெஜிஸ்டர் ஆபீசில்
கட்டைவிரலுக்கு நீட்டும் மைப்பெட்டியும்
ஏறக்குறைய இந்த நிறம்தான்.

போன ஞாயிறு காட்டுக்குப் போயிருந்தேன்.
கிளுவை வேலியோரம்
நான் பட்டை உரித்த கிளை
வெயிலில் கறுத்து இறுகியிருந்தது.
காற்றோடு அது தனியாக நடத்தியிருக்கிறது
இதே சோதனையை;
ஒப்பிட வைட்டமின் சி கூட இல்லாமல்.
செம்மறிகள் அதைச் சட்டை செய்யாமல்
கொழுக்கட்டைப் புல்லுக்குப் போயின.
உரிக்கிறபோது நானும்
அதனிடம் சம்மதம் கேட்கவில்லை.

நாளைக்கு அறிக்கை.
அட்டவணை தயார், படம் தயார்.
சேகரித்த இடம் என்ற கட்டத்தில்
'எங்கள் கொறங்காடு' என்று எழுதியிருந்தேன்.
மேடம் 'எங்கள்' மேல் ஒரு கோடு இழுத்து
பக்கத்தில் குறித்திருக்கிறார்:
அட்சரேகை, தீர்க்கரேகை போடவும்.

அண்ணனுக்குப் பதில் அனுப்பவில்லை.
குழாய்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.
நான்கை.